‘ஒரு போன் போட்டால் முடிந்தது’ என்று நினைப்பவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகளின் தொலைபேசியும் நாம் செய்யும் தவறுகளும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்றைக்குக் குடியிருப்பது பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய ஒருவரோ இருவரோதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். நடுவில் உள்ள ஒரே பிடிப்பு கைப்பேசி. அந்த வீட்டில் காது கேட்காதவர், கண் தெரியாதவர், பக்கவாதத்தால் பேச்சுக் குழறுபவர், விரல் நடுங்குபவர் என்று யாராவது இருந்தால், கடையிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரும் பதில் ஒன்றுதான்: “கூட இருக்கிறவங்ககிட்ட போனைக் கொடுங்க.” கூட யாரும் இல்லையே! இருந்தாலும், தன் கணக்கு வழக்கையும் உடம்பு விஷயத்தையும் இன்னொருவர் வாயால்தான் பேச வேண்டும் என்றால் என்ன நியாயம்? கீழே வரும் தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்து வருபவை.

கத்திப் பேசுவது

சிங்கப்பூரிலிருந்து பேரன் கூப்பிடுகிறான். “ஆயா, நான் பேசுறது கேக்குதா?” “கேக்குதப்பா. என்ன சொல்றேன்னுதான் வெளங்கலை.” அவன் இன்னும் உரக்கக் கத்துகிறான், ஆயாவுக்கு இன்னும் விளங்காமல் போகிறது.

ஆயா சொன்னது முழு உண்மை. வயதாகி வரும் செவிக் குறைபாட்டில் முதலில் போவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். ‘அ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் நன்றாகவே கேட்கும். சொல்லுக்குச் சொல் வேறுபடுத்திக் காட்டும் ச, த, ப போன்ற மெய்யொலிகள்தான் மங்கும். ‘எட்டு மணி’யா ‘பத்து மணி’யா என்று குழம்புவது அதனால்தான். கத்தும்போது ஏற்கனவே கேட்கிற ஒலிதான் பெரிதாகிறது, கேட்காதது கேட்காததாகவே இருக்கிறது. போதாக்குறைக்குப் பழைய தொலைபேசி இணைப்பும் 2ஜி அழைப்பும் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகின்றன. காதில் குறைந்துபோன பகுதியை இணைப்பும் தன் பங்குக்கு வெட்டிவிடுகிறது. இரு பக்கமும் வோல்ட்இ (VoLTE, 4ஜி வழியே வரும் குரல் அழைப்பு) இருந்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை வரும். வாட்ஸ்அப் அழைப்பிலும் இப்படித்தான் தெளிவு கூடும். ஆகவே “பெரியவங்களுக்குப் பழைய பட்டன் போனே போதும்” என்று வாங்கிக் கொடுப்பதற்கு முன், அது வோல்ட்இ உள்ள பட்டன் போனா என்றாவது கடையில் கேளுங்கள்.

பேசுகிறவர் செய்ய வேண்டியது எளிது. குரலின் சுருதியைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசுங்கள். விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள்.

செவிக்கருவி போட்டிருப்பவர்கள் போனை வழக்கம்போலக் காதுத் துவாரத்தில் அழுத்தி வைக்கிறார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் ஒலிவாங்கி காதின் மேல்புறம் இருக்கிறது. போனைத் துவாரத்தில் வைத்தால் பேச்சு அதற்குச் சரியாகப் போகாது, கருவிதான் ‘கீ’ என்று விசிலடிக்கும். போனைச் சற்று மேலே தூக்கி, லேசாகச் சாய்த்து, ஒட்டாமல் பிடித்தால் சரியாகும். கருவி கொடுக்கும் இடத்திலேயே இதைச் செய்து காட்டியிருக்கலாம். பல பேருக்குக் காட்டுவதில்லை.

நம்மூர் வீட்டுக்கென்றே உள்ள தொல்லை ஒன்று உண்டு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயரமான மேல்தளம் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. பட்டாலை என்னும் கூடத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசினால் நல்ல காதுக்கே எதிரொலிக்கும், செவிக்கருவிக்கு அது வெறும் இரைச்சல். பாயும் திரைச்சீலையும் உள்ள சிறிய அறைக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள். கனத்த சுவரால் உள்கட்டில் சிக்னல் கிடைக்காவிட்டால், வீட்டில் இணைய இணைப்பு இருக்கும் பட்சத்தில் வைஃபை காலிங்கைப் போட்டுவிடலாம்.

வீடியோ அழைப்பில் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்னால் வெயில் கொட்டும், முகம் கறுத்துப்போகும். உதட்டசைவு பார்த்துப் புரிந்துகொள்பவருக்கும் சைகையில் பேசுபவருக்கும் அந்த அழைப்பால் பயனில்லை. முற்றத்தைப் பார்த்து உட்காருங்கள்.

எழுதிக் காட்டினால் போதும் என்பது

பிறவியிலேயே செவித்திறன் இல்லாமல் சைகையில் வளர்ந்தவருக்குச் சைகைதான் தாய்மொழி, எழுத்துத் தமிழ் பிறகு கற்றது. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதற்கென்று டெல்லியில் ஓர் ஆய்வு, பயிற்சி மையத்தை மத்திய அரசு 2015இல் தொடங்கியது. வங்கி அனுப்பும் நீளமான குறுஞ்செய்தி அவருக்குச் சட்டென்று பிடிபடாமல் போனால் படிப்பில்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குட்டி வாக்கியமாக எழுதுங்கள். வீடியோவில் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அழையுங்கள், அப்போதும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து “அவரிடம் சொல்லுங்க” என்று பேசாமல் உரியவரைப் பார்த்தே பேசுங்கள்.

எழுத்தில் வசதியானவர்களுக்கு கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் நல்ல துணை. 2019இல் வந்தது, தமிழும் தெரியும். எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும். போன் அழைப்புக்கு வேண்டுமானால் அழைப்பை ஒரு போனில் ஸ்பீக்கரில் போட்டு, எழுத்தை இன்னொரு போனில் பாருங்கள். வட்டார வழக்கில் வேகமாகப் பேசினால் சொதப்பும், அதனால் தொகை, தேதி, மருந்தளவு மூன்றையும் அதை நம்பி முடிவு செய்யாமல் தட்டச்சில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் செவித்திறன் குறைந்தவர்கள். அவரே காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். ஆனாலும் அந்தக் கருவியில் காது கேளாதவர் எழுத்து வழியே உரையாட 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தட்டெழுத்துக் கருவியைத் தொலைபேசியோடு இணைத்தவரும் காது கேளாத இயற்பியலாளரான ராபர்ட் வைட்பிரெக்ட்தான். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தால், தட்டச்சு செய்வதை நடுவில் ஒருவர் குரலாக்கிச் சொல்லும் சேவை நாடு முழுக்க 1993இல் வந்தது. நம் நாட்டில் அப்படியொன்று அன்றாடப் பழக்கத்துக்கு வரவில்லை. அதனால்தான் கடைக்காரரும் மருத்துவமனை வரவேற்பாளரும் செய்கிற சின்ன ஏற்பாடுகளுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

‘போன் கெட்டுப்போச்சு’

ஆண்ட்ராய்டு போனில் ஒலி கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் எழும், திரையில் உள்ளதை வாசிக்கும். ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். பார்வையற்றவர் இதிலேயே வாட்ஸ்அப்பும் பணப்பரிமாற்றமும் செய்கிறார். விவரம் தெரியாத உறவினர் “ஏதோ பேசிக்கிட்டே இருக்கு, தொட்டா திறக்க மாட்டேங்குது” என்று கடைக்கு எடுத்துப் போக, கடைத் தம்பியும் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக்கித் தந்துவிடுகிறார். பழகிய போன் ஒரே நாளில் ஊமையாகிவிடும். கடைக்காரர்களே, பழுது பார்க்குமுன் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். காது கேட்காதவருக்கு அழைப்பு வந்தால் விளக்கு மின்னவைப்பது, ஒரு காது மட்டும் கேட்பவருக்கு இருபக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் மோனோ ஆடியோ, விரல் நடுங்குபவருக்குத் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டுவது எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. போனோடு வந்தவை, தனிக் காசு இல்லை.

பார்வையற்றவர் என்றதும் பட்டன் போனை எடுத்து நீட்டுவதும் தவறு. 5ஆம் எண் மேல் இருக்கும் சின்னப் புள்ளியைத் தடவி வேகமாக எண் போடுபவர்களுக்கு அது பிடித்தமானதுதான். ஆனால் எது வேண்டும் என்று அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள், கூட வந்தவரைக் கேட்டு அல்ல.

படமாக அனுப்புவது

செட்டிநாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். நகரத்தார் கோயில் கும்பாபிஷேகமா, முன்னோருக்குச் செய்யும் படைப்பு அழைப்பா, மின்தடை அறிவிப்பா, எல்லாமே வண்ணப்படமாக வரும். திரைவாசிப்பான் ‘படம்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். படத்தை அனுப்புங்கள், அழகாக இருக்கட்டும். அதன் கீழே தேதி, நேரம், இடம், யாரைத் தொடர்புகொள்வது என்று நாலு வரி தட்டச்சு செய்தால் கண் தெரியாதவரும் அறிவார்.

அச்சகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பும் இதே கதைதான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கோவை, திரைவாசிப்பான் அப்படியே உளறும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு 2010இலேயே ஆணையிட்டது. அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும்போது “யூனிகோடில் ஒரு பிரதி கொடுங்க” என்று கேட்டு வாங்குங்கள்.

இதன் மறுபக்கம், காது கேளாதவர் இருக்கும் குழுவில் நாலு நிமிடக் குரல்பதிவைப் போட்டுவிட்டு “எல்லாரும் கேட்டுக்கோங்க” என்பது.

ஒரே வழி வைத்திருக்கும் அலுவலகங்கள்

வாடிக்கையாளர் சேவை எண்ணில் ‘தமிழுக்கு 1ஐ அழுத்தவும்’ என்று தொடங்கி ஒன்பது தெரிவு வரும். அழுத்த மூன்று நொடி தருவார்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு எண்பலகையைத் திறக்கவே அந்த நேரம் போய்விடும். தெரிவுகளைக் குறைப்பதும், நேரத்தைக் கூட்டுவதும், ஓர் எண்ணை அழுத்தினால் ஆள் வருமாறு வைப்பதும் பெரிய செலவல்ல. ஒருமுறைக் கடவுச்சொல்லும் (ஓடிபி) அப்படித்தான், கேட்டு, நினைவில் வைத்து, திரும்பிப் போய் அடிப்பதற்குள் காலாவதியாகிவிடும். கோணல்மாணலான எழுத்தைப் படித்து அடி என்னும் சோதனை பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

திக்கிப் பேசுபவரும் பக்கவாதம் வந்தவரும் அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் விளையாட்டு அழைப்பு என்றோ குடிபோதை என்றோ துண்டித்துவிடுகிறார். அழைப்பை ஏற்பவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது, பத்து விநாடி பேசாமல் காத்திருப்பதும், பிறகு ‘ஆம், இல்லை’ என்று பதில் வரும்படி கேள்வி கேட்பதும்தான்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதிகளாக்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காது கேளாத விருந்தாளி அறைத் தொலைபேசியில் காப்பி கேட்க முடியாது, கனத்த தேக்குக் கதவைத் தட்டினால் அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் எண் ஒன்றை அறைச் சாவியோடு எழுதிக் கொடுங்கள், காலையில் எழுப்பவும் தீ அபாயத்துக்கும் மின்னும் விளக்கு வையுங்கள்.

அவசரத்துக்கு

அவசர எண் 112 என்று எல்லோருக்கும் தெரியும். பேச முடியாத நிலையில் என்ன செய்வது என்பதைத்தான் வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் விதி. தொடுதிரை போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தும் ஏற்பாடு உண்டு, போனுக்குப் போன் தடவைகள் மாறும், அதனால் அமைப்புகளில் பார்த்து முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். இருப்பிடம் பகிர்வதை நெருங்கிய இரண்டு பேருக்கு இப்போதே போட்டு வையுங்கள். தனியாக இருக்கும் ஆச்சி இருட்டில் விழுந்த பிறகு அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

தயவு என்று நினைத்துக் கேட்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு, தகவல்தொடர்புத் தொழில்நுட்பம் எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மென்பொருளும் கருவியும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர அளவும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்கு அது. சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் ஆயிற்று என்று கட்டாயப்படுத்தக் கூடாது, மாற்று வழி வேண்டும், காகித வழியும் தொடர வேண்டும் என்றது நீதிமன்றம். “சிஸ்டம் ஏத்துக்கலை” என்று கவுண்டரில் சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

தொலைபேசி நிறுவனத்தின் மீது புகார் செய்ய 198 என்ற எண் உண்டு. அதுவும் குரல் வழிதான், காது கேளாதவரின் புகாருக்கே வாய் வேண்டும் என்பது வேடிக்கை. நிறுவனத்தின் செயலியிலோ மின்னஞ்சலிலோ புகாரை எழுத்தில் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அந்த எண்ணோடு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். வங்கிக் கிளையிலும் வாய்ச்சொல்லாகக் கேட்காமல் மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.