மனம் கனக்கும் நாளில் உடம்பை அசைப்பது எப்படி

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில், காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டு டப்பாவைக்கூட விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, மாலை வரை மேசையை விட்டு நகராமல் இருந்திருக்கிறேன். ஒரு மூட்டையும் தூக்காமல், ஒரு படியும் ஏறாமல், வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், "சாப்பிட்டீங்களா?" என்று வீட்டில் கேட்டாலே எரிந்து விழத் தோன்றும். வேலைப் பளுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். பளு இருந்தது உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்கு, எட்டு மணி நேரம் அசையாமல் இருந்ததால் வந்தது என்பது, அசையத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் நடமாடிச் செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர்களில் பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் முக்கியமானவர். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைக் காட்டிலும், இருக்கையிலேயே இருந்த ஓட்டுநர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது என்று அவரது குழு 1953இல் எழுதியது. மனத்தைப் பற்றிய ஆய்வுகள் பின்னால் வந்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர், 50 வயதுக்கு மேற்பட்ட 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சியும், ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும், மற்றொன்றுக்கு இரண்டையும் 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள் என்று 1999இல் வெளியிட்டார்கள். தொடக்க வாரங்களில் மட்டும் மாத்திரை விரைந்து பலன் தந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அங்கே பயிற்சி செய்தவர்கள் வாரம் மூன்று முறை, குழுவாக, மேற்பார்வையில் செய்தவர்கள்.

முதலில் பழக வேண்டியது, மனநிலைக்காகக் காத்திராமல் எழுந்திருப்பது. மனசு சரியானதும் நடக்கலாம் என்று இருப்பவருக்கு அந்த நேரம் வாய்ப்பதே இல்லை. சோர்வு படுக்க வைக்கிறது, படுத்திருப்பது சோர்வை வளர்க்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் பேச்சு சிகிச்சைகளில் ஒன்று இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதையே அடிப்படையாகக் கொண்டது: சிறு செயலை முன்கூட்டியே நேரம் குறித்துச் செய்துவிட வேண்டும், விருப்பம் பின்னால் வரும். ஆகவே மோசமான நாளுக்கென்று ஒரு தனி அளவு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது மிக எளியது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போக வேண்டும். அங்கிருந்து திரும்பிவிட எனக்கு முழு அனுமதி உண்டு. பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்பிய நாட்களையும் நடந்த நாட்களாகவே கணக்கில் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் தனியாக நேரம் ஒதுக்குவதைவிட, ஏற்கெனவே நடக்கும் காரியங்களோடு அசைவைக் கட்டிப்போடுவது எளிது. மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்திருந்த நான், அதை எடுத்துவிட்டு ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். தாகம் எடுக்கும்போதெல்லாம் அறையின் மறுகோடியில் இருக்கும் தண்ணீர் கேன் வரை போய்த்தான் ஆக வேண்டும். குடித்த தண்ணீர் பிறகு இன்னொரு முறை எழுப்பும். கைப்பேசி அழைப்பு வந்தால் எழுந்து நின்றே பேசுவது, பக்கத்துப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பாமல் நேரில் போய்க் கேட்பது, மின்தூக்கியில் ஏறினாலும் இறங்கும்போது படிகளில் இறங்குவது ஆகியவையும் இவ்வகையே. மதியம் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் வராந்தாவில் நடப்பது, பிற்பகல் மூன்று மணிக்கு வரும் தூக்கக் கலக்கத்தை எனக்கு வெகுவாகக் குறைத்தது. நாற்காலியிலேயே செய்வதற்கு, மத்திய ஆயுஷ் அமைச்சகம் 'ஒய்-பிரேக்' என்ற பெயரில் ஐந்து நிமிட யோகப் பயிற்சி ஒன்றை வகுத்திருக்கிறது. கழுத்து, தோள் அசைவுகளும் மூச்சுப் பயிற்சியும் அடங்கிய அதற்கு விரிப்பு, உடைமாற்றம் எதுவும் தேவையில்லை.

எழுந்து நடப்பவரைப் பார்த்து "என்ன, வேலை இல்லையா?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தப் பிரிவில் பிறகு ஆறு மாதத்துக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஊழியர் நலத்துக்கென்று சுவரொட்டி ஒட்டுவதைவிட, மேலாளரே தன் டம்ளரை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்து போவது பயன் தரும். நாள் முழுவதும் நின்றுகொண்டிருக்கும் ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கோ நிலைமை நேர்மாறானது. அவர்களுக்குத் தேவை உட்காரும் இடம். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை கிடைத்தவர்கள் அவ்வப்போது அமர்ந்து கணுக்காலைச் சுழற்றுவதும், நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குவதும், கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ள உதவும்.

வீட்டில், நம் ஊரில் பலருக்குப் பூங்காவைவிட மொட்டை மாடிதான் கைக்கெட்டும் இடம். குறிப்பாக இருட்டிய பின் தெருவில் தனியாக நடக்கத் தயங்கும் பெண்களுக்கு. அங்கே எட்டு வடிவில் நடப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. எட்டு நடைக்குச் சொல்லப்படும் அற்புதங்களை நான் நம்புவதில்லை. ஆனால் மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வரும் நாளில் அதற்கு ஒரு வசதி உண்டு: நேராக நடக்கும்போது கால் தானாகப் போகும், கவலையும் கூடவே வரும், எட்டில் ஒவ்வொரு வளைவிலும் திசை மாற்றக் கொஞ்சம் கவனம் தேவைப்படுவதால், கவலை அவ்வப்போது கை நழுவுகிறது. துணி காயும் கொடிகளுக்கு இடையில் இரண்டு பூந்தொட்டிகளை வைத்து அவற்றைச் சுற்றி நடந்தால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள்ளோ சூரியன் சாய்ந்த பின்போ வைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்துக்கும் உதவும்.

வீட்டு வேலையும் உடலுழைப்புதான், உலக சுகாதார நிறுவனம் அதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆயினும் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே ஓடும் ஓட்டம் மனத்துக்கு ஓய்வு தருவதாக நான் கண்டதில்லை. அந்த வேலை முழுவதையும் சுமப்பவருக்கு, யாரும் கூப்பிடாத பத்து நிமிடம் தனியே கிடைக்க வேண்டும். அதை ஏற்படுத்தித் தருவது வீட்டிலுள்ள மற்றவர்களின் பொறுப்பு.

அளவைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். தசைக்கு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதில் தொடங்கலாம். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் அடி நடக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அந்த எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது.

நடையால் தீராதவையும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, பசியின்மை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல், 24 மணி நேரமும் தமிழிலும் இலவசமாகப் பேசக்கூடிய, மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416ஐ அழையுங்கள்.

சோர்ந்திருக்கும் நண்பரிடம் "நாலு நாள் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். நடக்க முடியாததையும் தன் குற்றமாகவே அவர் எடுத்துக்கொள்வார். "வாங்க, முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச முடியாததை, பக்கத்தில் நடந்துகொண்டே பேசிவிட முடியும். பேசாமல் வந்தாலும் பாதகமில்லை. பாதி வழியில் அவர் திரும்பிவிடலாம் என்றால் காரணம் கேட்காமல் கூடவே திரும்புங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் போய்க் கூப்பிடுங்கள்.