மெஷினில் கைத்தையல் போலத் தைக்கும்போது செய்யக் கூடாதவை

போன சனிக்கிழமை, குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் தைக்கப் பழகும் பெண்களில் ஒருத்தி, குழந்தைக்காகத் தைத்து முடித்த சின்ன ரஜாயை, அதாவது உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, கொண்டுவந்து, "அக்கா, துவைச்சு ரெண்டு நாளாச்சு, ஈரமே போகலை, லேசா தேய்ச்சுக்கிறேன்" என்று இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பயந்தே போனாள். நான் செய்த அதே தப்பை என் கண் முன்னாலேயே இன்னொருத்தி செய்யப் போகிறாள் என்றால் எப்படிச் சும்மா இருப்பது? ஊசி மாட்டுவது, நூல் கோப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

இந்தத் தையலின் சூட்சுமம் இதுதான். மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல், கீழே பாபினில், அதாவது அடி நூல் சுற்றிய சின்ன உருளையில், கலர் காட்டன் நூல். மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, ஏற்றிவிட்டால், ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் அது அடி நூலை மேலே இழுத்து வரும். நடுவில் கிடக்கும் மேல் நூல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பார்ப்பவருக்கு ஒரு தையல், ஒரு இடைவெளி என்று ஓட்டுத் தையல் மாதிரியே இருக்கும்.

கிடைத்த நைலான் நூலை வாங்கி, பிறகு தேய்ப்பது

கண்ணாடி மாதிரி இருக்கும் நூல் எல்லாம் ஒன்றில்லை. நைலானில் வருகிறது, பாலியஸ்டரில் வருகிறது. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நைலானில் பரவலாகக் கிடைக்கும் வகை 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அதற்கு முன்பே இளகிச் சுருங்க ஆரம்பித்துவிடும். இஸ்திரிப் பெட்டியைக் காட்டனில் வைத்தால் சூடு 200 டிகிரி வரை போகும். பாலியஸ்டர் 250க்கு மேல்தான் உருகும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் என் நாலு மாத உழைப்பு போனது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு 90க்கு 100 அங்குலத்தில் ஒரு ரஜாய் தைத்தேன், இளநீலத் துணியில் அடர்சிவப்புத் தையல். நூல் வாங்கிய கடையில் எந்த வகை என்று கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார்கள், நானும் நம்பினேன். துவைத்துப் போட்டது ஐப்பசியில். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆனி ஆடியில் கொட்டும், எங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை. நாலு நாளாகியும் உள்ளே பஞ்சு சில்லென்றே இருந்தது, கல்யாணத்துக்கு ஆறே நாள், சரி என்று காட்டன் சூட்டில் வைத்து ஈரம் போக அழுத்தித் தேய்த்தேன். பெட்டியை எடுத்துப் பார்த்தால் மேல் நூல் சுருண்டு மொறமொறவென்று கிடக்கிறது. ஒரு சிவப்பு நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன், சரசரவென்று ஒரு வரிசை முழுதும் கையோடு வந்துவிட்டது. அடி நூலைப் பிடித்து வைத்திருப்பதே மேல் நூல்தானே, அது அறுந்தால் அடி நூலுக்குப் பிடிமானமே இல்லை. கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போனேன். இன்றைக்கும் யாராவது "எந்த நூலா இருந்தா என்ன" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் பாலியஸ்டர் என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். எழுதவில்லையா, ஒரு துண்டில் நாலு வரிசை தைத்து, காட்டன் சூட்டில் பத்து வினாடி அழுத்திப் பாருங்கள். சுருண்டால் அந்த நூல் வேண்டாம். நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். டென்ஷனை ஏற்றித் தைக்கும் இந்த வேலையில், தைத்த அன்று நன்றாக இருந்த துணி மறுநாள் சுருக்கம் சுருக்கமாகத் தெரிவது பல சமயம் அதனால்தான். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகவும் ஆகும். பாசி மணி கோக்கிற தங்கூசி நூலை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ரொம்பத் தடிமன். 0.1 மில்லிமீட்டர் வாக்கில் இருப்பதுதான் சரி.

ரஜாய் காய வேண்டுமா, ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டு இரண்டு நாள் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் துணியில் டென்ஷன் பார்ப்பது

வெறும் துணியில் டென்ஷன் எண்ணை 7இல் வைத்தால் அழகாக வரும். அதையே மேல் துணி, பஞ்சு, அடித் துணி என்று மூன்றடுக்கில் ஓட்டினால் கலர் நூல் பஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும். எதைத் தைக்கப் போகிறீர்களோ அதே மூன்றடுக்கில் ஒரு சாண் துண்டு செய்து, 4இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். கடைசி வரை ஏற்றியும் வரவில்லை என்றால் பாபின் கேஸ் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். திருகு முதலில் எங்கே இருந்தது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

வேகம்

வேண்டாம். நூல் அறும்.

சாதா மெஷினில் அரிசி மாதிரித் தையலை எதிர்பார்ப்பது

நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினில் வருவது புள்ளிதான். அதுவும் அழகுதான், தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வைத்தால் போதும். நீளமான தையல் வேண்டுமென்றால், துணியை முன்னும் பின்னும் நகர்த்தித் தைக்கிற தனித் தையல் உள்ள மெஷின் வேண்டும். டென்ஷனை இன்னும் ஏற்றினால் புள்ளி நீளாது, துணிதான் சுருங்கும்.

"கையால் தைத்தது" என்று விற்பது

கூடாது. இதே மலையில் தோடர் பெண்கள் வரைபடம் இல்லாமல் துணியின் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூத்துக்குளி என்ற தங்கள் போர்வைத் துணியில் தைக்கிறார்கள். அந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் கைவேலைக்குப் பக்கத்தில் மெஷின் தையலை வைத்து அதே பெயரைச் சொல்ல என்னால் முடியாது. மெஷின் வேலை என்று சொல்லியே கொடுக்கிறேன், வாங்குகிறார்கள்.

ரிவர்ஸ் போட்டு முடிப்பது

வரிசையின் முனையில் ரிவர்ஸ் தட்டினால் அந்த இடத்தில் கலர் நூல் மொத்தையாகத் திரண்டு, மெஷின் என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நூலையும் நாலு அங்குலம் விட்டு வெட்டுங்கள், பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள், கை ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் ஒரு அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து நறுக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த மேல் நூல் ஊசிக் காதில் நுழையாது என்று படுத்தும், நுனியில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தொட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு நுனியைக் கடைசியில் மறக்காமல் வெட்டிவிடுங்கள்.