பீகார் கிளைக்கு ஆர்டர் வந்துவிட்டதா? கவுன்டரில் சமாளிக்கும் வழி

வங்கியில் கிளார்க் வேலைக்கு மாநில வாரியாக, உள்ளூர் மொழி தெரிந்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். பி.ஓ.வுக்கு, அதாவது புரொபேஷனரி ஆபீசருக்கு, அந்தக் கொடுப்பினை இல்லை, எங்கே போட்டாலும் போக வேண்டும். உங்களுக்கு சிவான், கோபால்கஞ்ச் பக்கம் ஒரு கிராமக் கிளை என்று ஆர்டர் வந்திருக்கிறது, இந்தியில் பத்துவரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்.

இலக்கணப் புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கவுன்டருக்கு வருகிறவர் பணம், தேதி, காகிதம் என்ற மூன்றைத் தாண்டி அதிகம் பேசப்போவதில்லை, முதல் ஒரு மாதத்துக்கு அந்த மூன்றை மட்டும் உருப்போடுங்கள்.

பணம்தான் பெரிய தலைவலி. தமிழில் இருபத்தொன்று தெரிந்தால் முப்பத்தொன்று தானாக வந்துவிடும். இந்தியில் நூறுவரை ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஸத்ரஹ் என்றால் 17, ஸத்தர் என்றால் 70. பச்சாஸ் 50, பச்சாஸி 85. ஸாத் 7, ஸாட் 60, ஆனால் இந்தக் கடைசி ஜோடியில் நமக்குக் கவலையில்லை, த-வும் ட-வும் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய காது. இதற்கு மேல் பின்னக் கணக்கு வேறு இருக்கிறது: டேட் ஸௌ என்றால் 150, டாயி ஹஸார் என்றால் 2,500, ஸவா லாக் 1,25,000, பௌனே தோ லாக் 1,75,000. கிராமத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் தொகையை இப்படித்தான் சொல்வார்கள். ஆகவே ஒரு பழக்கம், எவ்வளவு இந்தி வந்த பிறகும் விடக்கூடாதது: சொன்ன தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எண்ணால் எழுதி, அவர் பக்கம் திருப்பிக் காட்டி, தலையாட்டிய பிறகுதான் நோட்டை எண்ணுவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எண்ணைப் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்வார். சாயங்காலம் கேஷ் குறைந்தால் இந்தி தெரியாது என்பதைக் காரணமாக யாரும் ஏற்க மாட்டார்கள், கைக்காசுதான் போகும்.

தேதிக்கு வந்தால், 'கல்' என்பது நேற்றும்தான், நாளையும்தான். 'பர்ஸோம்' முந்தாநாளும் நாளை மறுநாளும். வினைச்சொல்லைப் பிடித்தால் புரிந்துவிடும், அதைப் பிடிக்கும்வரை மேஜையில் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு விரலால் காட்டச் சொல்லுங்கள்.

காகித விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. தாலுகா ஆபீசில் நாம் புழங்கும் வசூல், பாக்கி, ரசீது, நகல், அசல், வாரிசு, கிஸ்தி, ஜப்தி எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொற்கள்தான், கொஞ்சம் வாலை வெட்டிவிட்டுச் சொன்னால் அங்கே அப்படியே செல்லும். புதிதாகப் படிக்க வேண்டியவை கணக்குக்குக் காத்தா, கையெழுத்துக்கு தஸ்தகத், கைநாட்டுக்கு அங்கூட்டா, இன்னும் ஒரு பத்துப் பதினைந்து. வட்டி அங்கே byaj, வெங்காயம் pyaz, நம் வாயில் இரண்டுக்கும் ஒரே 'ப்யாஜ்'தான் வரும். கடன் கேட்டு வந்தவர் சிரித்தால் கூடவே சிரித்துவிடுங்கள்.

சரி, இவ்வளவும் படித்துக்கொண்டு போனால் அங்கே பேசுவது இந்தியே இல்லை. சிவான், சாரண் பக்கம் போஜ்பூரி, தர்பங்கா, மதுபனியில் மைதிலி, கயா பக்கம் மகஹி. வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணம் வந்ததா என்று கேட்டுத்தான் சிவான் கிளைகளில் நிறையப் பேர் வருவார்கள். 'பைஸா ஆயில் பா' என்றால் வந்திருக்கிறது, 'பைஸா நைக்கே ஆயில்' என்றால் வரவில்லை. இந்த இரண்டு வாக்கியம் தெரிந்தாலே பாதிக் கூட்டத்தை அனுப்பிவிடலாம். இன்னொன்று, ஒருவரே தன்னை 'ஹம்' (நாங்கள்) என்று சொல்லிக்கொள்வது பீகார் வழக்கம். 'ஹம் காத்தா குல்வாயேங்கே' (கணக்குத் திறக்கப்போகிறோம்) என்றதும் நாங்கள் என்கிறார், ஜாயின்ட் அக்கவுன்ட் போல என்று அந்தப் படிவத்தை எடுத்துவிடாதீர்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள்.

பேசும்போது ஆண்பால் பெண்பால் தப்பினால் தப்பட்டும், மேஜை எந்தப் பால் என்று யோசித்துக்கொண்டிருந்தால் வரிசை வாசல்வரை போய்விடும். மரியாதை மட்டும் தப்பக் கூடாது. சினிமா பார்த்து இந்தி கற்றவர்களுக்கு 'தூ', 'தும்' சுலபமாக வரும், கிழவரிடம் அதைச் சொன்னால் இங்கே நீ வா போ என்றதற்குச் சமம். எல்லோருக்கும் 'ஆப்', பெயருக்குப் பின்னால் ஒரு 'ஜீ', பெரியவருக்கு சாச்சா, வயதான அம்மாவுக்கு மாதாஜி.

எழுத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மனு, புகார், இறப்புச் சான்றிதழ் எல்லாம் தேவநாகரியில் வரும், எழுத்துத் தெரியாவிட்டால் யாராவது படித்துச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதுவரை முக்கியமான காகிதத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லுங்கள், ஒருவர் சொல்வது போதாது. பெயரைக் காதால் கேட்டு டைப் செய்யவே வேண்டாம், நம் ஒரு க-வுக்கு அங்கே நான்கு எழுத்து, ஆதாரைப் பார்த்து அடியுங்கள். மொழிபெயர்ப்பு ஆப் எழுத்துக்குப் பரவாயில்லை, கூகுளில் 2022 முதல் போஜ்பூரியும் மைதிலியும் உண்டு. கூச்சல் நிறைந்த கவுன்டரில் போனை நீட்டிப் பேசச் சொல்வதெல்லாம் வேலைக்காகாது.

ஆப்பைவிடக் கிளையின் காவலாளியும் பியூனும் உதவுவார்கள். யார் எந்த ஊர், யாருக்கு என்ன வழக்கு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி, டீ நேரத்தில் அவர்களோடு உட்காருங்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜை வரும், அந்த வாரம் உள்ளூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் லீவு வேண்டும். நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு அதற்குள் திரும்பி, கிளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பொங்கலுக்கு லீவு கேட்கும்போது சௌகரியமாக இருக்கும்.