மைக்ரோஃபிலிமை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது: அரசு ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேடுபெட்டியில் தாத்தாவின் பெயரைத் தட்டுகிறோம். ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. ஆவணமே இல்லை போலிருக்கிறது என்று திரும்பிவிடுகிறோம். ஆனால் அவர் பெயர் உள்ள பக்கம் அதே தளத்தில் வெறும் படமாகக் கிடக்கக்கூடும். மைக்ரோஃபிலிமை, அதாவது ஆவணங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம் சுருளை, மின்னாவணமாக்கும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த வெற்று முடிவில்தான் வந்து நிற்கின்றன.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அங்கே தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பார்கள். 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2012 ஏப்ரல் 2 அன்று வெளியானது. 4,000க்கும் மேற்பட்ட சுருள்கள், சுமார் 38 லட்சம் படங்கள், 13 கோடிப் பேர். அன்று பெயரை வைத்துத் தேட வழியில்லை. குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது, அந்தத் தெரு எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் வரும் என்று கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருந்தது. பெயர்ப் பட்டியலைத் தன்னார்வலர்கள் பிறகு கையால் தட்டச்சு செய்து தந்தார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று வந்தபோது, கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் தயாரித்த பெயர்ப் பட்டியலும் கூடவே வந்தது. மென்பொருள் தப்பாகப் படித்ததைப் பொதுமக்களே திருத்தவும் வழி வைத்தார்கள். குறையுள்ள பட்டியலைக் குறையுள்ளது என்று சொல்லியே வெளியிட்ட அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த இரண்டு கணக்கெடுப்புகளின் காகிதப் படிவங்களும் இன்று இல்லை. படமெடுத்த பின் அழித்துவிட்டார்கள். அதனால் ஃபிலிம்தான் இனி மூலம். இது மனதில் பதியாததால்தான் முதல் தவறு நடக்கிறது: வாசிப்பறையில் பல வருடம் ஓடிக் கீறல் விழுந்த பிரதியையே ஸ்கேனரில் மாட்டிவிடுகிறார்கள். முதன்மை நெகட்டிவையோ, அதிலிருந்து நேரடியாக எடுத்த பிரதியையோ தேடிப் பிடியுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அது அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கியதன் அறிகுறி. அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்தது, இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று தனிக் கறுப்பு, தனி வெள்ளையில் ஸ்கேன் செய்வது. மங்கிய பென்சில் கோடு அதோடு மறைந்துபோகும். சாம்பல் நிறத்தின் 256 படிகளும் வேண்டும். ரெசல்யூஷனைக் கணக்கிட வேண்டியதும் காகிதத்தின் அளவுக்குத்தான். 16 மடங்கு சுருக்கிய படத்தில் காகித அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டுமென்றால், ஃபிலிமின் மேல் 4,800 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வெறுமனே ‘300 டிபிஐ’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் பிறகு யாரையும் கேட்க முடியாது.

கோப்பைச் சுருக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிப் பதிவதைக் கண்டுபிடித்தார். ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஒரே படமாக வைத்துக்கொள்ளும் சுருக்க முறைதான் காரணம். படம் மங்கலாக வந்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். இதுவோ பளிச்சென்று தப்பாக இருந்தது. சர்வே எண் அப்படி மாறினால் ஒரு குடும்பத்தின் நிலமே போய்விடும். முதன்மைக் கோப்பில் எதையும் இழக்காத சுருக்கம் மட்டுமே இருக்கட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சுருளின் ஒழுங்கைச் சிதைப்பதுதான். சுருளின் தொடக்கத்திலும் இடையிலும் வரும் அறிவிப்புப் பலகைப் படங்களை ‘வெற்றுப் பக்கம்’ என்று நீக்கிவிடுகிறார்கள். எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் மறுபடி எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். 1940 கணக்கெடுப்பில், முதல் முறை போனபோது வீட்டில் ஆளில்லாத குடும்பங்களை அந்த வட்டத்தின் கடைசியில், 61ஆம் தாள் முதல் எழுதினார்கள். படங்களை உதிரியாக்கிவிட்டால், தெருவில் காணாத குடும்பத்தை எங்கே போய்த் தேடுவது?

அதே படிவத்தில் இன்னொரு நுணுக்கம்: ஒரே குடும்பப் பெயர் தொடர்ந்தால், அடுத்த வரிகளில் பெயருக்குப் பதில் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரியையும் தனியாகப் படிக்கும் மென்பொருளுக்கு மனைவியும் பிள்ளைகளும் குடும்பப் பெயர் இல்லாதவர்கள். தேடலில் குடும்பத் தலைவர் மட்டும் அகப்படுவார். அந்தக் காலத்தில் படிவத்தை எப்படி நிரப்பினார்கள் என்று தெரிந்த ஒருவர் பட்டியல் வேலையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழ் ஆவணங்களுக்கு வந்தால் சிக்கல் கூடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான தாள்களில் ‘லை’, ‘னை’ தும்பிக்கை போட்டு வரும். ‘றா’, ‘னா’ வளைந்து ஒட்டி நிற்கும். இன்றைய எழுத்தில் மட்டும் பழக்கிய ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அங்கே தடுமாறும். பழைய தாள்களிலிருந்தே மாதிரிப் பக்கங்களை எடுத்து, கையால் தட்டச்சு செய்து ஒப்பிட்ட பிறகே மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். விளைவு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துரு ஒன்றின் குறியீட்டில் சேமித்தால் தேடலுக்கு அகப்படாது. ஆங்கிலப் பதிவுகளில் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ என்றும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. ஊர்ப் பெயர், அப்பா பெயர், சாதிப் பட்டம், இனிஷியல் எல்லாம் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டியல் இல்லாத தேடுபொறியில் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

வேலை முடிந்ததும் ஃபிலிமைத் தூக்கிப்போட நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் இணையவழிப் பட்டியல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. முறையாகக் கழுவிக் குளிர்ச்சியில் வைத்த பாலியஸ்டர் வெள்ளி ஃபிலிமைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்சும் இருந்தால் போதும்.

தேடல் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘முடிவுகள் இல்லை’ என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பாமல், எந்த ஆண்டின் எந்தச் சுருள்களுக்கு இன்னும் பெயர்ப் பட்டியல் தயாராகவில்லை என்று அதே இடத்தில் எழுதி, அந்தப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஒரு இணைப்பையும் கொடுங்கள்.