'ஆம்பெசே': ஒரு வினைச்சொல்லின் வேரைத் தேடும் முறை

வீட்டில் கிரெயோல், பள்ளியில் பிரெஞ்சு, மாலை வகுப்பில் தமிழ் என்று வளரும் மொரீஷியஸ் மாணவர்களுக்கான விளக்கம் இது. எடுத்துக்கொண்ட சொல் கிரெயோல் 'ஆம்பெசே': போகவிடாமல் தடுத்தல்.

1. கிரெயோல் வடிவத்தை முதலில் உறுதி செய்யுங்கள். பின்னால் சொல் தொடர்ந்தால் 'ஆம்பெஸ்' என்று குறுகும்; வினை ஒன்றுதான். இதற்கு ஆர்னோ கார்பூரனின் மொரீசியன் கிரெயோல் அகராதி (2009) போதும்.

2. பிரெஞ்சு மூலத்துக்குப் போங்கள். பிரெஞ்சு 'ஷ' கிரெயோலில் 'ச' ஆகும். பாடுதலைக் குறிக்கும் 'ஷாந்தே' 'சாந்தே' ஆனது போல. ஆகவே மூலம் 'ஆம்பெஷே'.

3. பிரெஞ்சு மொழியின் 'த்ரெஸோர்' பேரகராதியைத் திறந்து நேரே சொற்பிறப்புப் பகுதிக்குச் செல்லுங்கள். இணையத்தில் இலவசம், ஒற்றை வரிப் பொருள் தரும் செயலிகளைவிட இதையே பரிந்துரைப்பேன். அங்கே பிற்கால லத்தீன் 'இம்பெதிகாரே' கிடைக்கும். அதனுள் 'பெதிகா', அதாவது கால்விலங்கு. அதற்குள்ளே 'பெத்', கால். தடுத்தல் என்னும் பொருளுள்ள ஆங்கில 'இம்பீட்' வேறு வழியாக இதே காலிலிருந்து வந்தது.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். பிரெஞ்சு எழுத்தின் மேல் கூரை போல நிற்கும் குறி, தொலைந்த 'ஸ்' ஒன்றைக் காட்டும் என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். 'ஒப்பித்தால்' (மருத்துவமனை), 'ஃபொரே' (காடு) போன்ற பிரெஞ்சுச் சொற்களுக்கு அது சரி. 'ஆம்பெஷே'யிலும் அந்தக் குறி உண்டு; ஆனால் அதன் லத்தீன் மூலத்தில் 'ஸ்' இல்லவே இல்லை. நடுவிலிருந்த 'த்' மறைந்து இரண்டு 'எ' அருகருகே வந்தன. பழைய பிரெஞ்சில் 'ஆம்பெஎஷியே' போன்ற வடிவம். அவை சேர்ந்து நீண்டதையே அந்தக் குறி காட்டுகிறது. சந்தேகம் வந்தால் 'ப்ரெஷே'யை (பிரசங்கம் செய்தல்) பாருங்கள்: 'ப்ரேதிகாரே'யிலிருந்து இதே வழியில் வந்தது.

4. உள்ளே தெரியும் 'பெஷே'யை நம்பாதீர்கள். பிரெஞ்சில் மீன்பிடித்தலும் பாவம் செய்தலும் 'பெஷே' போலவே ஒலிக்கும் தனிச்சொற்கள். மீன்பிடித்தலுக்கு லத்தீன் மூலம் 'பிஸ்காரி', பாவம் செய்தலுக்கு 'பெக்காரே'. இரண்டுக்கும் இதனோடு உறவில்லை.

5. தமிழில் ஒப்பிடச் சரியான வினை 'தளைதல்': கட்டுதல், விலங்கிடுதல். பெயராக வரும்போது 'தளை' கால்விலங்கையும் குறிக்கும். பொருள் ஒத்திருப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று எழுதிவிடாதீர்கள். தமிழ் திராவிட மொழி, இது பொருளளவிலான ஒப்புமை மட்டுமே.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் தேடும்போது எழுத்தைக் கவனியுங்கள். 'தழை' என்று தட்டினால் செழித்தல் வரும், 'தலை' என்றால் சிரசு. நம் ஊரில் ள, ழ, ல மூன்றும் பேச்சில் ஒன்றாகிவிடுவதால், காதை நம்பாமல் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: பிரெஞ்சு 'ஆந்த்ரவே'யும் தடுத்தல்தானே என்ற கேள்வி வந்தது. ஆம், ஆனால் அதன் வேர் காலல்ல, லத்தீன் 'த்ரப்ஸ்', அதாவது மரக்கட்டை. பிரெஞ்சுக் கொச்சையில் 'புரிந்துகொள்' என்ற பொருளில் வரும் 'ஆந்த்ரவே' தனிச்சொல். அது 'இன்தெர்ரொகாரே', கேள்வி கேட்டல், என்பதிலிருந்து வந்தது. அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள்; பதிவின் எண்ணைப் பார்த்துத் திறக்கவும்.