நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாகுதலையும் வேதபாட வகுப்பில் விளக்கும் முறை

இந்தப் பாடத்தை "இரட்சிப்பு" என்ற சொல்லிலிருந்து தொடங்குவதே எளிது. எபேசியர் 2:8 "இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று முடிந்துபோன செயலாகவும், 1 கொரிந்தியர் 1:18 "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்று நடந்துகொண்டிருக்கும் செயலாகவும், ரோமர் 13:11 இன்னும் நெருங்கிவரும் ஒன்றாகவும் அதைச் சொல்கின்றன. இம்மூன்று வசனங்களையும் வகுப்பினரையே உரக்க வாசிக்கச் சொன்னால், இரட்சிப்பு முழுமைக்கான பெயர் என்பதும் நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாகுதலும் அதற்குள் அடங்குபவை என்பதும் அவர்களுக்கே புலப்படும்.

அடுத்து, அதிக நேரத்தை "நீதிமானாக்கப்படுதல்" என்ற சொல்லுக்கே ஒதுக்குங்கள். குழப்பத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தமிழில் "ஆக்குதல்" என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல். ஆனால் உபாகமம் 25:1-இல் நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்று தீர்க்கிறார்களேயன்றி, அவனை நல்லவனாக மாற்றுவதில்லை. பவுல் கையாளும் கிரேக்க வினைச்சொல்லை இந்த நீதிமன்றப் பொருளில் 16-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதிகளான லூத்தரும் கால்வினும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நேரான லத்தீன் சொல்லோ, நம் தமிழ்ச் சொல்லைப் போலவே, "நீதியுள்ளவனாகச் செய்தல்" என்று பொருள்படும். ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் அப்படியே வாசித்தார். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமும், இது பாவமன்னிப்பு மட்டுமன்று, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் பரிசுத்தமாக்கப்படுவதும்கூட என்று வரையறுத்தது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப் புராட்டஸ்டண்டார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "ஆக்க" என்பதும், இன்று கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "ஏற்புடையவராதல்" என்பதும் நிற்கின்றன. அவரவர் கோட்பாட்டுக்கு மற்றவர் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதன்பின் ரோமர் 4:3-ஐயும் யாக்கோபு 2:21–24-ஐயும் அருகருகே வைத்து வாசியுங்கள். பவுலும் யாக்கோபும் ஆதியாகமம் 15:6-ஐயே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் யாக்கோபு அதை ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த பிற்கால நிகழ்ச்சியோடு இணைக்கிறார். பிசாசுகளுக்கும் உள்ள வெறும் ஒப்புதலையே யாக்கோபு மறுக்கிறார் என்பதை 19-ஆம் வசனத்தைக் கொண்டு காட்டுங்கள். பவுல் மறுப்பதோ நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் தேவனுக்குமுன் நிற்கலாம் என்ற எண்ணத்தை. இருவரையும் எதிரிகளாக நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பரிசுத்தமாகுதலுக்கு 1 தெசலோனிக்கேயர் 4:3 போதுமான தொடக்கம். இங்கே சபைகளின் வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது: கால்வின் வழிவந்த சீர்திருத்த சபையார் இதை மரணம்வரை முற்றுப்பெறாத வளர்ச்சி என்பார்கள், அன்பில் பூரணமடைதல் இவ்வாழ்விலேயே கூடும் என்று மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி போதித்தார், கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையோ தேவனுடைய ஜீவனில் பங்குபெறுதல் என்ற ஒரே ஓட்டமாக இவை அனைத்தையும் காண்கிறது.

இந்த வேறுபாடுகளை வைத்து வகுப்பில் வாக்குவாதம் எழுந்தால், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனத்தாரும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டதையும், 2006-இல் மெதடிஸ்டுகள் அதில் இணைந்ததையும் குறிப்பிடலாம்.

முதலில் நீதிமானாக்கப்படுதல், பிறகு பரிசுத்தமாகுதல் என்று கரும்பலகையில் படிவரிசை வரைய விரும்புகிறவர்கள் அதற்குமுன் 1 கொரிந்தியர் 6:11-ஐ வாசித்துவிடுவது நல்லது. அங்கே "பரிசுத்தமாக்கப்பட்டீர்கள்" என்பது முன்னும், "நீதிமான்களாக்கப்பட்டீர்கள்" என்பது பின்னும் வருகிறது.