பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அசல் பெயின்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியதுமே, "முழுசா சுரண்டி, பட்டி போட்டு, புதுசா அடிச்சிரலாம் அண்ணாச்சி" என்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் காரின் ஏதாவது ஒரு மூலையில் பெரும்பாலும் மிச்சமிருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் சுரண்டிவிட்டால் போனது போனதுதான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வைத்துச் சொல்கிறேன், மற்ற கார்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

முதலில் காகிதம். எம்.ஜி. கார்களின் தயாரிப்புப் பதிவேடுகள் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், அந்த வண்டி எந்த நிறத்தில் வெளியே வந்தது என்பதைச் சான்றிதழாகவே தருகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது நடுவில் யாரோ மாற்றி அடித்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம் காரைக் கழுவுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கடற்காற்றில் கிடந்த வண்டி என்றால் உப்பும் மணலும் படிந்திருக்கும், அதன்மேல் துணி போட்டுத் தேய்த்தால் நீங்கள் தேடுகிற பெயின்ட்டில்தான் கீறல் விழும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிக் காயவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில், டிக்கி விரிப்புக்குக் கீழே, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி அதற்குப் பின்னால் என்று வெயில் படாத இடங்களாகப் பாருங்கள். சிவப்பு நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் வெளியே தெரிவதை வைத்து முடிவு செய்யவே கூடாது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கண்ணில் படாத ஓர் இடத்தில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு, 600 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். நடுவில் தகடு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, 1000, 2000 என்று மாற்றி ஓரங்களைச் சரிவாக்கினால், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல ஒவ்வொரு பெயின்ட்டும் வளையமாகத் தெரியும். தகட்டை ஒட்டியிருப்பது அடிப்பூச்சான பிரைமர், அதற்கு அடுத்த நிறம்தான் பெரும்பாலும் அசல். ஆனால் பள்ளம் நிரப்பும் பட்டி தெரிந்தால் அங்கே ஏற்கெனவே டிங்கரிங் நடந்திருக்கிறது, வேறு இடம் பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, மாஸ்க் கட்டாயம். இன்னொன்று, எம்.ஜி.பி.யின் ஆரம்ப வண்டிகளில் பானெட் அலுமினியம். காந்தம் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் அந்தத் தகட்டுக்கு அலுமினியத்தில் பிடித்து நிற்கும் எட்ச் பிரைமர் வேண்டும்.

நிறம் தெரிந்தால் போதாது, என்ன வகை என்றும் தெரிய வேண்டும். வெள்ளைத் துணியில் லாக்கர் பெயின்டைக் கரைக்கும் என்.சி. தின்னரைத் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லாக்கர் வகை, நாம் டியூகோ என்று சொல்வது. சுருங்கிக் கொப்பளித்தால் எனாமலாக இருக்கலாம். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பெரும்பாலும் பின்னால் அடித்த டூ-கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட். மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் இருந்தாலும் பிற்காலத்து வேலை என்றே எடுத்துக்கொள்ளலாம், அறுபதுகளின் சாதாரண நிறங்களில் பளபளப்பு அந்த நிறத்திலேயே இருந்தது.

அசல் பெயின்ட் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் என் கருத்து ஒன்றுதான்: தொடாதீர்கள். ரப்பிங் காம்பவுண்டைக் கையால் போட்டு மெருகேற்றி, துருப்பிடித்த இடத்தை மட்டும் சரி செய்யுங்கள்.

முழுதாக அடித்தே ஆக வேண்டுமா? சரி, மாதத்தைப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆரல்வாய்மொழி பக்கம் என்றால் காற்றும் தூசியும் அதிகம், நான்கு பக்கமும் அடைத்த ஷெட் வேண்டும். டூ-கே அடிப்பதாக இருந்தால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், வெளிக்காற்று குழாயில் வரும் முகக்கவசம் இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடவே வேண்டாம்.

அசல் நிறத்துக்கே திரும்பி, அது ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றால், டி.என். 74 வண்டியோ 75 வண்டியோ, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.